சிகாகோவில் அரை நாள்: ஓக் பார்க்கா, ரோபி வீடா?

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் கட்டடம் பார்க்க ஆசை, ஆனால் கையில் அரை நாள்தான் என்றால் குழப்பம் வரும்: சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க் ஊரில் அவர் வாழ்ந்த வீட்டுக்கா, நகரில் அவர் வேறொருவருக்குக் கட்டிய ரோபி வீட்டுக்கா?

போக்குவரத்து: ஓக் பார்க்குக்கு கிரீன் லைன் ரயில் நேராகப் போகிறது. ரோபி வீடு தெற்கே, சிகாகோ பல்கலைக்கழகத்தை ஒட்டி.

காலம்: ஓக் பார்க்கில் இருப்பது 1889-ல், முதலாளி லூயிஸ் சல்லிவனிடம் கடன் வாங்கி, 22 வயதுப் பையனாக இருந்த ரைட் தனக்கே கட்டிக்கொண்ட வீடு, 1898-ல் பக்கத்திலேயே ஸ்டூடியோவும் சேர்ந்தது. ரோபி 1910-ல் முடிந்தது, அப்போது அவர் கை தேர்ந்துவிட்டது. அதன் வேலை நடக்கும்போதே ரைட் குடும்பத்தை விட்டுவிட்டு ஐரோப்பா கிளம்பிவிட்டார், அது வேறு கதை.

பார்க்க: ஓக் பார்க் ஸ்டூடியோவில் கட்டடப் படம் வரையும் அறையின் மேல்மாடத்தை (பால்கனி) சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். ரோபியில் சுவரருகே நில்லுங்கள். செங்கல் நீளமாக, ஒல்லியாக இருக்கும். நெடுக்கு இடுக்கில் பூசிய சாந்து செங்கல் நிறத்திலேயே, கிடை இடுக்கில் மட்டும் வெளிர் நிறம், அதனால் சுவர் முழுக்கக் கிடைக்கோடுகளாக ஓடுகிறது. எனக்கு இதுதான் பிடித்தது.

அப்புறம், ஓக் பார்க்கில் சுற்றுத் தெருக்களிலும் அவர் வீடுகள்தான், அவர் கட்டிய யூனிட்டி டெம்பிள் தேவாலயமும் நடை தூரம். அவர் எப்படி வளர்ந்தார் என்று பார்க்க அங்கே போங்கள். ஒரே கட்டடம், ஆனால் உச்சம் வேண்டும் என்றால் ரோபி.