மீன்சட்டியில் சேனைக்கிழங்கு: இறைச்சியின்றி இரண்டரை ஆண்டுகள்

தூத்துக்குடியில் பிறந்து, மீன் இல்லாத மதியச் சோற்றைச் சோறாகவே மதிக்காமல் 46 வயதுவரை வாழ்ந்த ஒருவன், மீனையும் இறைச்சியையும் நிறுத்தி இரண்டரை ஆண்டுகள் கழித்து எழுதும் அனுபவம் இது. நிறுத்தியதற்குக் காரணம் கொள்கை அன்று, வலது கால் பெருவிரல். ஓர் இரவு, போர்வை உரசினாலே உயிர் போகும்படி அது வீங்கிச் சிவந்தது. பரிசோதனையில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 9.2 மில்லிகிராம் என்று வந்தது. ஆண்களுக்கு அது 7-ஐத் தாண்டினாலே மிகை. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஈரல், ஆட்டுக்கறி, நெத்திலி, மத்தி ஆகியவற்றைக் குறைக்கச் சொன்னார். அவற்றில் பியூரின் என்னும் வேதிப்பொருள் மிகுதி, அது உடலில் சிதையும்போதுதான் யூரிக் அமிலம் உண்டாகிறது என்று விளக்கினார். நெத்திலியை அளவோடு உண்ணும் வித்தை எனக்குக் கைவராது என்பதால் முழுவதுமாகவே நிறுத்தினேன். செய்தியைக் கேட்ட அம்மா தொலைபேசியில், "ஏலே, இது சாமிக்கு விரதமா, டாக்டருக்கு விரதமா?" என்றார்.

முதல் ஆறு மாதங்களைத் தோல்வி என்றே சொல்ல வேண்டும். கறியை எடுத்துவிட்ட இடத்தில் வேறொன்றை வைக்காமல், இருந்த சோற்றையே கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், நாலு அப்பளம், மாலையில் பஜ்ஜி, வெளியே போனால் வெண்ணெயும் முந்திரியும் மிதக்கும் பன்னீர் மசாலாவும் பரோட்டாவும் என்று நாட்கள் போயின. 74 கிலோவாக இருந்த எடை 77-ஐத் தாண்டியது. மதியம் வயிறு முட்ட உண்டாலும் நான்கு மணிக்கெல்லாம் பசித்தது. மாமிசத்தை விட்டாலே உடம்பு தானாகத் தேறிவிடும் என்று எண்ணிய என் அறியாமைக்கு அந்த மூன்று கிலோதான் கூலி.

மாற்றம் எதிர்வீட்டு ஆச்சியிடமிருந்து தொடங்கியது. திருநெல்வேலிச் சைவக் குடும்பத்தில் பிறந்தவர்; பல தலைமுறைகளாக மாமிசம் புழங்காத அடுக்களையில் சமைத்துப் பழகியவர். என் புலம்பலை ஒருநாள் முழுவதும் கேட்டுவிட்டு, "கறின்னா ஒரு மணி நேரம் அடுப்புல நிக்கீங்க, காய்னா பத்து நிமிசத்துல இறக்கிடுதீங்க, பெறகு எப்படி ருசிக்கும்?" என்றார். எங்கள் வீட்டில் நடந்தது உண்மையில் அதுதான். ஆட்டுக்கறிக்குச் சின்ன வெங்காயம் உரித்து, மிளகும் சீரகமும் சோம்பும் வறுத்து, தேங்காய் அரைத்து, எண்ணெய் பிரியும்வரை காத்திருந்த நாங்கள், காயை மட்டும் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்துக் கிண்ணத்தில் தள்ளிக்கொண்டிருந்தோம். நான் ஏங்கியது இறைச்சிக்காகப் பாதி என்றால், அதற்குச் செலவான அந்த உழைப்பின் சுவைக்காக மீதிப் பாதி.

ஆச்சியிடம் முதலில் கற்றது சொதி. பாசிப்பருப்பும் காய்களும் இரண்டாம் தேங்காய்ப்பாலில் வெந்தபின், இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்டு, தலைப்பாலை ஊற்றியதும் கொதிக்கவிடாமல் நுரைகட்டும் நேரத்தில் இறக்கி, சூடு தணிந்தபின் எலுமிச்சை பிழிய வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். இரண்டாவது உளுந்தஞ்சோறு. தோலோடு கூடிய கறுப்பு உளுந்தை லேசாக வறுத்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவலோடு சேர்த்து வடிப்பது; உடன் எள்ளுத் துவையல். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் மிகுதி, பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியிலும் எள்ளிலும் உண்டு என்பதைப் பின்னாளில் படித்தபோது, அந்தத் தட்டின்மேல் எனக்கு மரியாதை கூடியது.

பிறகு என் கைவரிசையைத் தொடங்கினேன். மீன் குழம்பின் புளி, மல்லி, தேங்காய் அரைப்பில் எதையும் மாற்றாமல், மீனுக்குப் பதில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் புளிப்பு மாங்காயும் போட்டு மண்சட்டியில் வைத்தேன். மறுநாள் உண்ணும்போது அது முதல்நாளைவிடத் தேறியது. வாழைக்காயைச் சாய்வாகச் சீவி, மீன் வறுவல் மசாலாவும் சிறிது அரிசி மாவும் தடவித் தோசைக்கல்லில் குறைந்த எண்ணெயில் மொறுமொறுப்பாக்குவது இப்போது வீட்டில் அனைவருக்கும் பிடித்த உணவு. சேனைக்கிழங்கைப் புளித்தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்தால் அதன் அரிப்பு அடங்கும்; அதன்பின் மிளகுச் சுக்காவாகப் பிரட்டினால், சதைப்பிடிப்பான ஒன்றை மெல்ல வேண்டும் என்ற ஏக்கம் பெருமளவு தீரும். மீல்மேக்கரோடு மட்டும் எனக்கு இன்றுவரை ஒத்துப்போகவில்லை. உப்புச் சுடுநீரில் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்தால் பச்சை வாடை போகிறது என்பது உண்மை. ஆனால் கறிபோல நடிக்கும் எதுவும் கறியைத்தான் நினைவூட்டுகிறது. புரதக் கணக்குக்காக வாரம் ஒருமுறை, பொடியாக நறுக்கிப் பொடிமாஸ் செய்கிறேன், அவ்வளவே.

அந்தப் புரதக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். இப்போதைய என் 71 கிலோவுக்கு அது சுமார் 59 கிராம். 50 கிராம் பருப்பில் 11, 50 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, பாலிலும் தயிரிலுமாக 12, நாள் முழுவதும் உண்ணும் அரிசி, கேழ்வரகு ஆகியவற்றில் ஏறக்குறைய 20 என்று கூட்டினால் கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் இது தானாக நடப்பதில்லை. இரவு படுக்குமுன் ஏதேனும் ஒரு பயறை ஊறவைக்க மறந்தால், மறுநாள் தட்டில் சோறுதான் மிஞ்சும்.

யூரிக் அமிலம் உள்ளவன் பருப்பு, காளான், கீரை எதையும் தொடக்கூடாது என்று உறவினர் பலர் எச்சரித்தார்கள். அவற்றிலும் பியூரின் உண்டு என்பது சரிதான். ஆனால் அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004-இல் வெளியான ஆய்வு, இறைச்சியும் கடலுணவும் கவுட் நோயின் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து, என் பெருவிரலைப் போல் வீங்க வைக்கும் நோய்) வாய்ப்பைக் கூட்டுவதாகவும், பியூரின் மிகுந்த காய்கறிகள் அவ்வாறு கூட்டவில்லை என்றும், பால் பொருட்கள் அதைக் குறைப்பதாகவும் கண்டது. மருத்துவரும் அதையே சொன்னார். இனிப்புக் குளிர்பானத்தையும் பியரையும்தான் விடச் சொன்னார்.

நான் கவனிக்கத் தவறியது வைட்டமின் பி12. பதினான்காம் மாதத்தில் பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல் மதமதப்பு. மாடிப்படி ஏறினால் அசதி. சோதித்தபோது பி12 மில்லிலிட்டருக்கு 168 பிகோகிராம். 200-க்குக் கீழே போனால் குறைபாடு. கல்லீரலின் சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கக்கூடியது என்பதால், முன்பே என் கையிருப்பு குறைவாக இருந்திருக்க வேண்டும் என்றும், நெஞ்செரிச்சலுக்காக நான் நெடுநாள் விழுங்கிவந்த மாத்திரையும் பி12 உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்றும் மருத்துவர் கூறினார். செடிகொடிகளில் இந்தச் சத்து கிடையாது. மாத்திரை எடுத்துக்கொண்டேன், அதோடு, தொடக்கத்தில் விட்டிருந்த முட்டையை நாளுக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்த்தேன், அதில் பியூரின் மிகக் குறைவு. எங்கள் ஊர்க் கணக்கில் நான் இப்போது சைவம் இல்லை. அந்தப் பட்டத்துக்காக நான் இதைத் தொடங்கவும் இல்லை. இரும்புச் சத்துக்காக, உணவோடு குடித்த தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, முருங்கைக்கீரைப் பொரியலோடு நெல்லிக்காய்த் துவையல் சேர்த்துக்கொள்கிறேன்.

வீட்டில் மனைவியும் மகனும் ஞாயிறு தோறும் கறி உண்கிறார்கள். அதை நான் தடுக்கவில்லை. அன்றைக்கு இரண்டு குழம்பு வைக்க வேண்டியிருப்பதில் மனைவிக்கு உள்ள சலிப்பு நியாயமானது என்பதால், என் குழம்பை நானே வைக்கிறேன். செலவு குறையும் என்று நினைத்ததும் பாதிதான் பலித்தது: பன்னீரும் காளானும் பருப்பு வகைகளும் ஆட்டுக்கறியின் சேமிப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன.

கடைசிப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 5.8. இதில் உணவின் பங்கு சிறிது, மாத்திரையின் பங்குதான் பெரிது என்று மருத்துவர் வெளிப்படையாகவே சொன்னார், மாத்திரையை நிறுத்தவில்லை. இரத்தக் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு 240-இலிருந்து 160-க்கு இறங்கியதை மட்டும் என் சமையலறையின் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். பெருவிரல் பதினெட்டு மாதங்களாக அமைதியாக இருக்கிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மா கேட்காமலேயே மீன்சட்டியைத் தேய்த்துக் கழுவி, அதில் எனக்குச் சேனைக்கிழங்குக் குழம்பு வைத்திருந்தார். அடியில் பழைய சாளைக் குழம்பின் வாசனை லேசாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன்.