கித்துல்கலப் படகுப் பயணம்: முற்பணம் அனுப்பும் முன் இதை வாசியுங்கள்

எங்களை ஏமாற்றிய பயண ஏற்பாட்டாளரின் பெயரைப் போடு என்று கேட்பீர்கள். போட்டுப் பயனில்லை. நாங்கள் பணம் கட்டியபோது அந்தப் பேஸ்புக் பக்கத்துக்கு ஒரு பெயர், பணத்தைத் திருப்பிக் கேட்டபோது இன்னொரு பெயர், இப்போது மூன்றாவது. ஆகவே ஆள் யார் என்பதை விட்டுவிட்டு, எப்படி ஏமாற்றினார்கள் என்பதை எழுதுகிறேன். கொழும்பிலிருந்து ஒருநாள் பயணமாகக் கித்துல்கல போக நினைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் போயா லீவு. சித்தி குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் நின்றது. எல்லாருமாக 12 பேர், ஆளுக்கொரு ஆசை. பிள்ளைகளுக்கு ராஃப்டிங், அதாவது ஆற்றுச் சுழிப்பில் ரப்பர்ப் படகில் போவது. அத்தானுக்கு 1957இல் வெளிவந்த ஆங்கிலப் போர்ப் படத்துக்காகக் களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டி வெடிவைத்துத் தகர்த்த இடத்தைப் பார்க்கவேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ஆதிமனிதர் வாழ்ந்த பெலிலென குகை. இவை எல்லாவற்றையும் ஒரே பெக்கேஜில் தருவதாக அந்தப் பக்கத்தில் கிடந்தது: தலைக்கு 9,500 ரூபா. ஏசி வான், காலைச் சாப்பாடு, 5 கிலோமீற்றர் படகு, மதியச் சாப்பாடு, குகை, பாலம் இருந்த இடம், போகும் வழியில் அவிசாவளையில் "சீதாவாக்கை வரலாற்றுச் சுற்று". தொல்பொருள் டிக்கட்டுக்குத் தலைக்கு 600 ரூபா அதற்குள்ளேயே சேர்ந்திருக்கிறதாம்.

தொலைபேசியில் பேசியவர் நல்ல தமிழ். "அண்ணா, ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ. நீங்க வானில ஏறினாச் சரி, மிச்சமெல்லாம் எங்கட பொறுப்பு." பாதிப் பணம் 57,000 ரூபாவை முதலே போடச் சொன்னார். வங்கிக் கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. "கம்பெனி எண்டா கம்பெனிப் பேரில எல்லோ கணக்கு இருக்கும்?" என்று மனைவி கேட்டார். சும்மா எல்லாத்துக்கும் சந்தேகப்படாதே என்று சொல்லிவிட்டுப் பணத்தை அனுப்பியவன் நான்தான்.

காலை 5.30 என்ற வான் 7.10க்கு வந்தது. ஏசி என்றால் யன்னலைத் திறப்பதுதான். சாரதி பாவம், நல்ல மனிதர். அன்று விடியத்தான் தெஹிவளையில் வைத்து அவரைப் பிடித்திருக்கிறார்கள். "எனக்குச் சொன்னது ஆக்களை ஏத்தி இறக்கிறது மட்டும்தான்" என்றார். காலைச் சாப்பாடு என்பது ஹங்வெல்லையில் எங்கள் காசிலேயே குடித்த தேநீர்.

அவிசாவளையில் பெரெண்டி கோவில். சீதாவாக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் சைவனாகி, பைரவருக்காகக் கட்டத் தொடங்கிய கோயில். 1593இல் அவன் இறந்ததோடு வேலை நின்றுவிட்டது. கல்லில் பாதி செதுக்கிய வேலைப்பாடு இன்னும் கூராக நிற்கிறது. நேரம் கிடைத்தால் தனியாகவே ஒருமுறை போய் நின்று பார்க்கவேண்டிய இடம். எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். உள்ளே போகும்போதும் வரும்போதும் யாரும் எங்களிடம் டிக்கட் கேட்கவில்லை, தரவும் இல்லை. 12 பேருக்கு 7,200 ரூபா எந்தத் தொல்பொருளுக்குப் போனதோ!

கித்துல்கலவில் இறங்கியதும்தான் விஷயம் விளங்கியது. படகு வைத்திருப்பவர் வேறு, எங்களிடம் பணம் வாங்கியவர் வேறு. ஆற்றோரம் இருந்த முதலாளி ஒரு சீஆர் கொப்பியைத் திறந்து காட்டினார். அன்றைய திகதிக்கு நேரே பென்சிலால் "12 – ஷோர்ட்" என்று எழுதியிருந்தது. ஷோர்ட் என்றால் பாதித் தூரம் கூட இல்லை. அதற்குத் தலைக்கு 2,500 தருவதாகத்தான் அந்த ஆள் பேசியிருக்கிறாராம், அதுவும் பிறகு தருவதாக. "முழுத் தூரம் வேணும் எண்டா மிச்சத்தை நீங்க தரவேணும்" என்றார் அரைகுறைத் தமிழில். அவரோடு சண்டை பிடித்து என்ன செய்வது? அவர் எங்களுக்கு எதையும் சொல்லவில்லையே.

அதற்குள் இன்னொரு பிரச்சினை. "வத்துர நே" என்றார்கள் படகுக்காரப் பையன்கள். தண்ணீர் இல்லை. இதை நான் முன்பே தெரிந்து வைத்திருக்கவேண்டும். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாக இறங்கும் வழியெல்லாம் அணையும் மின்நிலையமும்தான். காசல்ரீ, மவுசாகலை என்று மேலிருந்தே தொடங்குகிறது. கித்துல்கலவுக்குச் சற்று மேலே பிராட்லண்ட்ஸ் அணையில் மறித்து, சுரங்கத்தால் தண்ணீரை எடுத்துவிடுகிறார்கள். ஆற்றில் தண்ணீர் விடும் நேரத்துக்குத்தான் படகு ஓடும். மற்ற நேரம் பாறைதான் தெரியும். உண்மையாக இந்தத் தொழில் செய்கிறவர் முதல் நாளே நேரத்தைக் கேட்டுச் சொல்லியிருப்பார். நாங்கள் 12.30 மட்டும் கரையில் குந்தியிருந்தோம்.

இனி உயிர்காப்பு ஜாக்கெட் கதை. காசு போனதை விட இதுதான் எனக்கு இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறது. குவித்துப் போட்டிருந்ததில் ஆளுக்கொன்றை எடுக்கச் சொன்னார்கள். அத்தானுக்குக் கிடைத்ததில் நடுக் கிளிப் உடைந்திருந்தது. பையன் ஒருவன் பச்சை நைலோன் கயிற்றை இரண்டு ஓட்டைக்குள்ளும் விட்டு இறுக்கி முடிந்து, "ஹரி, ஹரி" (சரி, சரி) என்றான். சித்தியின் மகனுக்கு 11 வயது. போட்டது பெரியவரின் ஜாக்கெட். தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தேன். ஜாக்கெட் காதுவரைக்கும் வந்துவிட்டது. தண்ணீருக்குள் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே போகும். அவனை ஏற்றமாட்டேன் என்று நின்றுவிட்டேன். அழுதான், அழட்டும். நாலு ஹெல்மெட்டில் தாடைப் பட்டி கிடையாது.

ஏறமுன் இரண்டு வார்த்தை சொல்லித்தரவேண்டும் அல்லவா? துடுப்பை எப்படிப் பிடிப்பது, விழுந்தால் என்ன செய்வது? ஒன்றும் இல்லை. போட்டோ எடுத்தார்கள், தள்ளிவிட்டார்கள். இரண்டாவது சுழிப்பில் சித்தியின் மூத்த மகள் தவறி விழுந்தாள். ஓடும் ஆற்றில் விழுந்தால் மல்லாந்து, கால் இரண்டையும் ஆறு போகும் பக்கம் நீட்டிக்கொண்டு மிதக்கவேண்டும். எழும்பி நிற்கப் பார்க்கக்கூடாது. கால் கல்லிடுக்கில் மாட்டினால் தண்ணீர் ஆளை அமுக்கிவிடும். அவளுக்கு யார் சொன்னது? நிற்கத்தான் பார்த்தாள். கால் மாட்டி, இழுபட்டு, எப்படியோ கழன்றுவிட்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தோல் இல்லை. கூடவே வரும் என்று விளம்பரத்தில் போட்டிருந்த பாதுகாப்புக் கயாக்கை, அந்தச் சின்னப் படகை, காணவில்லை. கரையில் முதலுதவிப் பெட்டியும் இல்லை. சாரதி பதறிப்போய்த் தன் சித்தாலேப்பைத் தைல டப்பியை நீட்டினார். பச்சைக் காயத்தில் அதைப் பூசியிருந்தால் அவள் போட்டிருக்கும் சத்தம் ஹற்றனுக்குக் கேட்டிருக்கும். அவிசாவளை ஆஸ்பத்திரியில் காட்டித்தான் கட்டுப் போட்டோம். 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும் என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நடந்த ஒரு கூத்தையும் சொல்லவேண்டும். சித்தி அவளுக்கு ஈரம் மாற்றிக் காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பையன் வந்து பாலம் காட்டுகிறேன் என்று அத்தானைக் கூட்டிப் போனான். கொஞ்ச தூரம் நடத்தி, ஆற்றுக்கு மேலே தொங்கிய ஒரு கம்பிப் பாலத்தைக் காட்டி, "இதுதான் படத்தில வந்த பாலம்" என்று 1,000 ரூபா கேட்டிருக்கிறான். அத்தான் கேட்டாராம்: "தம்பி, அதைத்தானே படத்திலேயே வெடிவைச்சவங்கள், பிறகு இது எங்கால?" பையன் அசரவில்லை. "திரும்பக் கட்டினது ஐயா." உண்மையில் அங்கே மிஞ்சியிருப்பது கரையோரத்துக் கொங்கிறீட் அடித்தளங்கள்தான். அதை நாங்கள் கடைசிவரை காணவில்லை.

குகையும் இல்லை. நேரம் போய்விட்டது, வானை 6 மணி மட்டும்தான் பேசியிருக்கிறது என்றார் சாரதி. மகள் ஒன்றும் பேசாமல் வந்து ஏறினாள். பெலிலெனவில் தொல்லியலாளர் சிரான் தெரணியகல நடத்திய அகழ்வில், ஏறக்குறைய 30,000 ஆண்டுக்கு முன் அங்கே இருந்த மனிதர்களின் சின்னஞ்சிறு கல்லாயுதங்கள் கிடைத்தன. கடற்கரையிலிருந்து உப்புக் கொண்டுவந்ததற்கும் தடயம் இருந்தது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் ஒரு கிழமையாகக் காத்திருந்தாள். "அப்பா, அவங்கள் கடலிலயிருந்து நடந்தே போய்ச் சேர்ந்திருக்கிறாங்கள். நாங்கள் வானில போயும் போகேல்ல" என்றாள் கரவனெல்லை தாண்டும்போது. எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வட்ஸ்அப்பில் எழுதினேன். முதல் நாள், "சொரி அண்ணா, பார்த்துச் சொல்றன்". மூன்றாம் நாள், படங்கள் வேண்டுமென்றால் 5,000 ரூபா. ஐந்தாம் நாள் என்னை புளொக் பண்ணிவிட்டார்கள். நானே விரும்பி அனுப்பிய பணம் என்பதால் தங்களால் எடுத்துத்தர முடியாது என்றது வங்கி. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், ஆனால் என் கையில் பற்றுச்சீட்டு என்று ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. பணம் கட்டும்போது கேட்டிருக்கவேண்டும்.

திரும்பப் போவோம், அந்த ஆறு அப்படிப்பட்டது. ஆனால் இந்தமுறை இடையில் ஆள் வைக்கப்போவதில்லை. புறக்கோட்டையில் ஹற்றன் பஸ் ஏறினால் கித்துல்கல வழியாகத்தான் போகும். படகுக்காரரோடு நேரடியாகப் பேசி, எங்கே ஏற்றி எங்கே இறக்குவீர்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு என்று கேட்டால் உண்மையான ஆள் தடுமாறாமல் சொல்வார். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். சந்தேகம் என்றால் 1912க்கு அழைக்கலாம். ஜாக்கெட்டைப் போட்டுத் தோளைப் பிடித்து இழுத்துப் பார்க்காமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். மிச்சப் பணத்தை ஆற்றை விட்டுக் கரை ஏறிய பிறகு கொடுங்கள்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நேற்று அலுவலகத்தில் ஒரு தம்பி "இது நல்ல மலிவா இருக்கு அண்ணா" என்று கைப்பேசியை நீட்டியதுதான். பெயர் புதிது, விலை 8,900 ஆகியிருக்கிறது. முகப்புப் படம் மட்டும் எங்களுடையது, தள்ளிவிடுமுன் எடுத்தது. உங்கள் கண்ணிலும் படலாம். பெரிதாக்கிப் பாருங்கள்: முன்வரிசையில் இடப்பக்கம் துடுப்பைத் தூக்கிக்கொண்டு சிரிப்பவர் அத்தான். அவர் நெஞ்சில் கிளிப் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பச்சைக் கயிற்று முடிச்சு.