ரீபில்ட் கார்புரேட்டர்னு சொல்லி 540 பவுண்ட் ஆட்டைய போட்டுட்டான், உஷார் மக்களே

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எஸ்யூ கம்பெனி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு குடுக்கற பார்ட்) ஆன்லைன்ல தேடிட்டு இருக்கீங்களா, இதைப் படிச்சிட்டு காசு கட்டுங்க. என்னென்ன பாத்து வாங்கணும்னு கடைசில விவரமா எழுதறேன். எனக்குப் போனது 540 பவுண்ட், வயிறு எரியுது.

வண்டி 1969 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, ரெண்டு எச்எஸ்4 மாடல் எஸ்யூ கார்புரேட்டர். இருந்த ஜோடியில த்ராட்டில் ஸ்பிண்டில் (ஆக்சிலரேட்டர் மிதிச்சா சுத்தற தண்டு) தேஞ்சு அந்த ஓட்டை வழியா காத்து இழுக்குது, ஐட்லிங் ஒரு இடத்துல நிக்காம ஏறுது இறங்குது, ஸ்பிண்டில் முனையில கார்ப் கிளீனர் அடிச்சா ஆர்பிஎம் உடனே மாறுது. எஸ்யூவுக்கு பதிலா வெபர் டிசிஓஇ கார்புரேட்டர் போடுன்னு ஆளாளுக்கு சொன்னாங்க. அதுக்கு மேனிஃபோல்டும் மாத்தணும், சோக்கு ஜெட்டுன்னு உக்காந்து செட் பண்ணணும், அதுலயும் டூப்ளிகேட் நிறைய சுத்துது. ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு எஸ்யூவே போதும், இப்பவும் அதான் சொல்வேன்.

பழைய பார்ட்ஸ் விக்கிற ஒரு ஆப்ல ஒருத்தன் ரீபில்ட் ஜோடி போட்டிருந்தான். மெசேஜ் பண்ணேன். எந்த வருஷ மாடல் சார், ஏர் ஃபில்டர் ஒரிஜினலா, இப்ப என்ன நீடில் (பெட்ரோல் அளவை தீர்மானிக்கிற ஊசி) போட்டிருக்கீங்கன்னு அவனே கேட்டான். இதெல்லாம் கேக்கறவன் எப்படி ஏமாத்துவான்? ஸ்பிண்டிலை விரல்ல புடிச்சு ஆட்டி வீடியோ வேற அனுப்பினான், துளி ஆட்டம் இல்ல. "புது ஸ்பிண்டில், அது சுத்தற புது புஷ், பெஞ்ச்ல டெஸ்ட் பண்ணிதான் அனுப்புவேன் சார்." 540 பவுண்ட் அனுப்பிட்டேன்.

பார்சல் வந்துச்சு. டேஷ்பாட் (கார்புரேட்டர் பிஸ்டன் ஏறி இறங்கற மேல் குடுவை) ரெண்டுலயும் முகம் பாக்கலாம், அப்படி ஒரு பாலிஷ். த்ராட்டிலை புடிச்சு ஆட்டினா கடக் கடக்னு சத்தம், வீடியோல காட்டினது இது இல்லவே இல்ல. நீடிலை கழட்டி பாத்தா தண்டுல அடிச்சிருக்கிற கோட் ஒண்ணுக்கொண்ணு வேற, ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ஒரு பிஸ்டனை தூக்கி விட்டா டக்னு அடியில உக்காருது, இன்னொண்ணு பாதியிலயே மாட்டிக்குது. பிஸ்டனும் டேஷ்பாட்டும் ஜோடியா செஞ்சது, மாத்திப் போட்டா இப்படித்தான். ஃப்ளோட் சேம்பர் (பெட்ரோல் தேங்கற கிண்ணம்) மூடியில இருக்க வேண்டிய நம்பர் டேக் ரெண்டுலயும் காணோம். பெயின்ட் அடிச்ச குப்பைக்கு 540 பவுண்ட்!

கேட்டா "அது நார்மல் சார், ஓட ஓட செட் ஆயிடும்"ங்கறான். தேஞ்ச ஸ்பிண்டில் ஓட ஓட எப்படிடா செட் ஆகும்? அடுத்த நாள் "இக்னிஷன் டைமிங் பாருங்க சார்"ங்கறான், நான் இன்னும் வண்டியில மாட்டவே இல்ல! அதுக்கப்புறம் ப்ளூ டிக் மட்டும்தான்.

ஆப்காரங்க இன்னும் மோசம். யூஸ்டு பார்ட்ஸுக்கு ரிட்டர்ன் கிடையாதுன்னு கம்ப்ளெயிண்ட்டை மூடிட்டாங்க, திரும்ப திறந்தா கம்பெனி சர்வீஸ் சென்டர்ல லெட்டர் வாங்கிட்டு வாங்கறாங்க. 1980-லயே உற்பத்தி நின்ன வண்டிக்கு எந்த சர்வீஸ் சென்டர்டா லெட்டர் குடுப்பான்? கார்டு கம்பெனி "பாக்கறோம்"னு சொல்லிருக்கு, பாத்துட்டே இருக்காங்க.

விவரமா எழுதற நிலைமையில இல்ல, சுருக்கமா சொல்றேன். வீடியோல நம்பர் டேக் தெரியணும், ஆட்டிக் காட்டறதும் அதே ஷாட்ல இருக்கணும், கட் பண்ணின வீடியோ வேண்டவே வேண்டாம். நீடில் கோட் ரெண்டுக்கும் தனித்தனியா போட்டோ கேளுங்க. பார்சல் பிரிக்கறதை ஷூட் பண்ணுங்க. பாலிஷைப் பாத்து மயங்காதீங்க. முக்கியமா, பழைய ஜோடியை எக்ஸ்சேஞ்சுக்கு குடுத்துடாதீங்க, இவன் என்கிட்டயும் கேட்டான், நான் குடுக்கல. நல்ல லேத்காரர் கிடைச்சா அதே பாடிக்கு புது புஷ் போட்டுடலாம், எஸ்யூவுக்கு ஸ்பிண்டில், ஜெட், நீடில் எல்லாம் இன்னமும் புதுசாவே கிடைக்குது.