மாத நாவல் வாசகிகளுக்கு ஒரு புத்தகம்: உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை

பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 52. பத்தாம் வகுப்பு முடித்த லீவில் ஆரம்பித்தது, இன்றுவரை காதல் நாவல்தான் என் படிப்பு. வாடகை நூலகத்தில் டெபாசிட் கட்டி நாளுக்கு ஒன்று என்று எடுத்து வந்த காலம் உண்டு. லக்ஷ்மியில் தொடங்கி ரமணிசந்திரனில் ஊறியவள் நான். அதனால் குறுந்தொகை என்கிற சங்க காலக் காதல் பாட்டுத் தொகுப்பைப் படியுங்கள் என்று தமிழாசிரியை யாரோ சொல்வதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். உங்களைப் போல அட்டைப்படத்தைப் பார்த்துப் புத்தகம் எடுக்கிறவள்தான் சொல்கிறேன்.

அந்த நாவல்களை மட்டமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. முதல் அத்தியாயத்தில் முறைத்துக்கொண்ட இருவரும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தேதான் படிக்கிறோம். தெரிந்திருந்தும் நடுவில் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அதைச் செய்ய ஒரு கை வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் இரவு ஒரு மணி வரை ஹெம்மிங் போட்டுவிட்டு, நாலு பக்கம் படித்தால்தான் எனக்குத் தூக்கம் வந்திருக்கிறது. அந்தக் கடன் எனக்கு உண்டு.

ஆனால் ஒரு குறை ரொம்ப நாளாக இருந்தது. தாலி ஏறினதும் கதை முடிந்துவிடும். அப்புறம் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள், என்ன சமைத்தாள், அவன் ஊருக்குப் போன ராத்திரி எப்படிக் கழிந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தப் புத்தகத்துக்கு நான் வந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை வழியாக. ரவிக்கை தைக்கக் கொடுத்த பெண் நீட்டிய பத்திரிகையின் மேலே அந்தச் செம்மண்ணும் மழைநீரும் பாட்டு அச்சாகியிருந்தது. எல்லாப் பத்திரிகையிலும் வருவதுதான். கீழே ‘குறுந்தொகை 40’ என்று போட்டிருந்தார்கள். 40 என்றால் மற்றதெல்லாம் எங்கே என்று அன்றைக்குத்தான் தோன்றியது. முதலில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த ‘எளிய உரை’ ஒன்றை வாங்கி ஏமாந்தேன். நடுவில் எட்டுப் பக்கம் அச்சாகவே இல்லை. இருந்த பக்கங்களிலும் பாட்டை அப்படியே உரைநடையாகப் பிரித்துப் போட்டதைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகுதான் கேட்டு விசாரித்து உ.வே.சாமிநாதையர் உரை எழுதிய பதிப்பை வாங்கினேன்.

அவர் இதை வெளியிட்டது 1937-ல். பிறந்தது 1855. அப்படியென்றால் 82 வயது. அந்த வயதில் ஒரு மனிதர், காதலித்தவனைக் காணாமல் தூங்காத பெண்ணின் ஒவ்வொரு சொல்லுக்கும் இவ்வளவு பொறுமையாகப் பொருள் எழுதியிருக்கிறாரே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் பிரியம் கூடுகிறது. பழைய காலத்தில் பேராசிரியர் என்பவர் 380 பாட்டுக்கும், அவர் விட்ட 20-க்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதினார்களாம். இரண்டுமே கிடைக்கவில்லை. ஆக அந்தப் பழைய உரைகள் கையில் இல்லாமல்தான் இவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

கடவுள் வாழ்த்தை விட்டுவிட்டால் 401 பாட்டு. நாலு அடியிலிருந்து எட்டு அடிக்குள். இரண்டே இரண்டு மட்டும் ஒன்பது அடி. இவ்வளவு சின்னப் பாட்டில் என்ன கதை இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அதற்கு விடை பாட்டில் இல்லை, பாட்டோடு இருக்கும் ‘கூற்று’ என்கிற குறிப்பில் இருக்கிறது. யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்று ஒன்றிரண்டு வரியில் வரும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு நாவலுக்கு வேண்டிய முன்கதை முழுக்க அதில்தான். பத்திரிகையில் வருகிற அந்த 40-ம் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டுச் சந்தோஷப் பாட்டு என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கூற்றைப் படித்தால், இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ என்று பயந்து அவள் முகம் மாறுகிறது, அதைப் பார்த்துவிட்டு அவன் சொல்வது. நம் அப்பாக்கள் ஒருத்தரையொருத்தர் அறியாதவர்கள், நாமும் முன்பின் தெரியாதவர்கள், ஆனாலும் கலந்துவிட்டோம் என்று அவளைத் தேற்றுகிறான். பயத்துக்குச் சொன்ன பதில் அது. தெரிந்த பிறகு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

25-ம் பாட்டு கபிலருடையது. அவன் வாக்குக் கொடுத்தபோது பக்கத்தில் யாருமே இல்லை. தினைத்தாள் மாதிரிக் கால் உள்ள ஒரு நாரை மட்டும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்றது. அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்கிறாள். இந்த நிலைமையில் இருந்த பெண்கள் என் கடைக்கு வந்து அழுதிருக்கிறார்கள். சாட்சிக்கு அவர்களுக்கு நாரைகூட இல்லை.

வெள்ளிவீதியார் என்று ஒரு பெண் புலவர். 58-ம் பாட்டில் அவர் ஆணின் வாயால் பேசுகிறார். வெயிலில் காய்கிற பாறையில் வெண்ணெய் வைத்திருக்கிறது. காவலுக்கு இருப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் வராது. உருகுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான். என் நோய் அப்படிப் பரவுகிறது என்று நண்பனிடம் சொல்கிறான். நாயகனின் மனசை ஒரு பெண் எழுதுகிற வழக்கம் நம் மாத நாவல்களோடு வந்ததில்லை என்பதில் எனக்கு அப்படி ஒரு நிறைவு.

138-ஐ எழுதியவர் பெயர் கொல்லன் அழிசி. ஊரே தூங்கினாலும் நாங்கள் தூங்கவில்லை, வீட்டுப் பக்கத்து நொச்சியிலிருந்து பூ உதிர்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. நொச்சி இலையை மயிலடி போல இருக்கும் என்கிறார். சளி பிடித்தால் ஆவி பிடிக்கப் பறிக்கிற இலைதானே என்று மறுநாள் கொல்லையில் போய்ப் பார்த்தேன். விரித்த மயில் கால்தான், சந்தேகமே இல்லை. எத்தனை வருஷமாகப் பறிக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. பேரை வைத்துப் பார்த்தால் பட்டறைக்காரர். நாள் முழுக்கச் சம்மட்டிச் சத்தம் கேட்ட காதுக்குப் பூ விழுகிற சத்தமும் கேட்டிருக்கிறது.

நான் ஏங்கிக்கொண்டிருந்த ‘தாலிக்கு அப்புறம்’ 167-ல் இருக்கிறது. கூடலூர் கிழார் எழுதியது. கல்யாணமாகிப் போன பெண்ணின் வீட்டுக்குச் செவிலித்தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். கட்டித்தயிரைப் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள், மாற்றாமல் அதையே உடுத்தியிருக்கிறாள். தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவி ஆக்கின புளிக்குழம்பு. அவன் சாப்பிட்டுவிட்டு ‘இனிது’ என்கிறான். அவள் முகம் லேசாக, ரொம்ப லேசாக மலர்கிறது. அந்த ‘நுண்ணிதின்’ என்ற ஒரு சொல்லுக்காகவே இந்தப் புத்தகத்துக்குக் காசு கொடுக்கலாம். பெரிதாகச் சிரித்திருந்தால் அது வேறு பெண்.

இதை ஒரு மத்தியானம் கடையில் சத்தமாகப் படித்தேன். என்னிடம் தொழில் பழகுகிற பெண் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஏழு மாதம். ஊசியை நிறுத்திவிட்டு, “அக்கா, அந்தக் கடைசியை இன்னொரு தடவை வாசிங்க” என்றாள். வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எங்க வீட்ல இன்னும் ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்லக்கா” என்றாள். வெறும் ஒரு சொல், அதற்காக ஒருத்தி புகையில் நிற்கிறாள் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் கவனித்து வைத்திருக்கிறார்.

அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. நாவல் பழக்கத்தில் முதலில் எனக்கு அது கையில் பிடிபடாத மாதிரி இருந்தது. இப்போது அதுதான் பிடித்திருக்கிறது. பெயர் இல்லாததால் அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். எங்கள் கடைப் பெண் உட்கார்ந்துவிட்டாள் இல்லையா.

குறையும் சொல்ல வேண்டும். உரைநடை 1930-களின் நடை. சந்தி பிரிக்காத நீள வாக்கியங்கள், பதவுரைக்கு (சொல்லுக்குச் சொல் பொருள்) ‘ப-ரை’, விசேடவுரைக்கு (கூடுதல் விளக்கம்) ‘வி-ரை’ என்ற சுருக்கங்கள். விசேடவுரையும், மற்ற நூல்களில் வரும் இதே போன்ற வரிகளைக் காட்டும் ஒப்புமைப் பகுதியும் படித்தவர்களுக்கானவை. எனக்குப் பாதிதான் விளங்குகிறது. நான் கண்டுபிடித்த வழி இது: முதலில் கூற்று, அடுத்து நேராக ‘கருத்து’, பிறகு பாட்டை இரண்டு தடவை வாய்விட்டு, கடைசியில் பதவுரை. ஒரு நாளைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் போகாதீர்கள், ஒன்றோடொன்று குழம்பும். பரத்தையிடம் போய் வந்தவனுக்குத் தோழி கதவைத் திறந்து விடுகிற பாட்டுகளும் உண்டு. அவை எனக்கு ஆகவில்லை, ஆகவும் வேண்டாம். புத்தகம் தடிமன், படுத்துக்கொண்டு படிக்கக் கை வலிக்கும். வாங்கும் முன் பார்க்க நினைக்கிறவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இதே உரை இலவசமாக இருக்கிறது. போனிலேயே 167-ஐத் திறந்து பாருங்கள்.

நான் 212 வரை வந்திருக்கிறேன். அதற்கு மேல் எழுத இப்போது வழியில்லை. லைனிங் துணியில் வெட்டின ஒரு துண்டை 167-ல் அடையாளம் வைத்து, போன சனிக்கிழமை அந்தப் பெண் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.