பால்வாடியா, கான்வென்ட்டா?

"எம் பையனுக்கு மூணு வயசாகுதுக்கா. பால்வாடியில விடவா, கான்வென்ட்லயே எல்கேஜி சேத்துரவா?" என்று எதிர்வீட்டுத் தங்கை கேட்டாள். என் மகள் இரண்டு வயது முடிந்ததிலிருந்து எங்கள் பேரூராட்சி அங்கன்வாடிக்குத்தான் போகிறாள்.

சாப்பாட்டில் குறையே இல்லை. வாரம் மூன்று முட்டை. வீட்டில் மஞ்சள் கருவைத் தொடாதவள், ஆயாம்மா சோற்றோடு பிசைந்து கொடுத்தால் தட்டைக் காலி செய்துவிடுகிறாள். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் அந்த வயதுக்கு ஏற்றது. பாட்டு, கதை, நிறம் பிரிப்பது, புளியங்கொட்டை எண்ணுவது. கான்வென்ட்டில் அதே வயதுப் பிள்ளைக்கு நாலுகோடு நோட்டில் பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம்.

இவ்வளவும் இருந்து, சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. பக்கத்து மையத்தில் பணியிடம் காலி. எங்கள் டீச்சருக்கு அதுவும் கூடுதல் பொறுப்பு. அவர் அங்கே போகும் நாளில் இங்கே ஆயாம்மா ஒருவரே சமைக்கவும் வேண்டும், பிள்ளைகளைப் பார்க்கவும் வேண்டும். டீச்சர் இருக்கும் நாளிலோ போஷன் டிராக்கர் என்ற அங்கன்வாடி ஆப். வருகை, எடை, உயரம் எல்லாம் போனில் ஏற்ற வேண்டும். சத்துமாவு கொடுக்கவும் வாங்குபவரின் முகத்தை அதில் படமெடுத்துச் சரிபார்க்க வேண்டும். போன வாரம் சத்துமாவு வாங்க வந்த கைக்குழந்தைக்காரியின் முகத்தை ஆப் ஏற்கவே இல்லை. திண்ணை வெளிச்சத்தில் நிறுத்தி, முக்காட்டை விலக்கி, திரும்பத் திரும்பப் படம் எடுத்தார் டீச்சர். உள்ளே பிள்ளைகள் புளியங்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆளைப் போடாமல் வேலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் மேல்தான் ஆத்திரம். 1975-ல் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. நெருக்கடி வந்தால் முதலில் கைவிடப்படுவது அதுதான்.

2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். எங்கள் மையம் அதில் இல்லை. எங்களுக்கு இருப்பது இந்த ஒரு வழி, இல்லையென்றால் ஃபீஸ் கட்டும் வழி.

இன்றைக்கு இருக்கும் கோபத்தில் எதிர்வீட்டுத் தங்கையிடம், "பால்வாடியில இப்போதைக்குச் சேக்காத" என்றுதான் சொன்னேன். என் மகளை நிறுத்த மாட்டேன். அந்தப் பாட்டும் சோறும் அவளுக்கு வேறெங்கும் கிடைக்காது. திங்கட்கிழமை வட்டார அலுவலகத்தில் காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லி மனு கொடுக்கப் போகிறேன். எதிர்வீட்டுத் தங்கையும் வருகிறேன் என்றிருக்கிறாள்.