சித்தியின் ரிப்போர்ட்டில் ‘கூடியிருக்கு’

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து ரங்கூன் போனபோது சித்தியைப் பார்த்துப் பயந்துவிட்டேன். முகம் ஊதி, குரல் கட்டி, ஏப்ரல் வெயிலிலும் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் நேரம். தெருவே தண்ணீர் ஊற்றி விளையாடுகிறது, இவருக்கோ குளிர்.

“தைராய்டு கூடியிருக்குன்னாங்கப்பா, ரெண்டு மாசமா மாத்திரை சாப்பிடுறேன்” என்றார்.

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கூடியிருந்தது டி.எஸ்.எச். அது தைராய்டு சுரப்பது அல்ல. மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி ‘இன்னும் சுர’ என்று கழுத்துச் சுரப்பிக்கு விடும் உத்தரவு. சுரப்பி சோர்ந்தால் உத்தரவு ஏறும். அதாவது சித்திக்கு இருந்தது குறைவு. ரிப்போர்ட் கொடுத்தவர் ‘கூட’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு மருந்துக் கடையில் கார்பிமசோல் கொடுத்துவிட்டார்கள். சுரப்பை அடக்கும் மருந்து அது! எந்த டாக்டரும் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்தது.

பண்டிகைக்குக் கிளினிக் எல்லாம் மூடியிருந்தன. சிங்கப்பூரில் எங்கள் டாக்டரிடம் போனில் கேட்டு அந்த மாத்திரையை அன்றே நிறுத்தினோம். கடை திறந்ததும் மாலைக் கிளினிக்கில் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்தோம்.

பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு நேர் எதிர்க் கோளாறு. நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கியது, நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது என்றார். அவருக்குக் கார்பிமசோல்தான் சரியான மருந்து. ஆனால் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ரத்தம் பரிசோதிக்கச் சொல்லியிருந்தார்கள். அரிதாக வெள்ளணுக்கள் குறைந்துவிடுமாம். அந்த எச்சரிக்கையைக் கடைக்காரர் சித்திக்குச் சொல்லவேயில்லை.

டாக்டர் பொறுமையானவர். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 பார்த்தார், வயதைக் கருதி இசிஜி எடுத்தார், பிறகு அந்தக் குறைவை ஈடுகட்டும் லெவோதைராக்ஸின் மாத்திரையை 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்தார். விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். காலை உணவான மொஹிங்காவும் (மீன் குழம்பு நூடுல்ஸ்) பால் டீயும் குறைந்தது அரை மணி கழித்து. இதற்கும் கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் நான்கு மணி நேர இடைவெளி. சித்தி எல்லா மாத்திரையையும் சேர்த்தே விழுங்குபவர், அதனால் தனித்தனி டப்பாவில் பெரிய எழுத்தில் நேரம் எழுதி வைத்தேன்.

ஆறு வாரம் கழித்து, ஜூன் முதல் வாரத்தில், மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். ரிப்போர்ட்டைத் தம்பி படம் எடுத்து எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். முதலில் டாக்டரிடம் காட்டு, அப்புறம் எனக்கு அனுப்பு என்றேன்.