ஃபுளோரைடு டெஸ்ட்: வேலை சுத்தம், தகவல்தான் பஞ்சம்

தர்மபுரிப் பக்கம் எங்கள் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதை உறிஞ்ச இரண்டு வருடமாக ஓடும் அலுமினா ஃபில்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தனியார் லேபுக்குப் போனேன். கண்ணாடி பாட்டில் ஆகாது, பிளாஸ்டிக்தான் வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு நடை வீண்.

மறுநாள் லேபில் இருந்த பெண் என் கண்ணெதிரேயே தண்ணீரில் சிவப்புச் சாயம் விட்டார். ஃபுளோரைடு கூடக் கூட நிறம் வெளுக்குமாம். 570 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் அளந்தது. போர் தண்ணீர் அளவு இந்த டெஸ்ட் அளக்கக்கூடிய எல்லையை மீறியதால், சலிக்காமல் பாதிக்குப் பாதி நீர்க்கச் செய்து மறுபடி வைத்தார். அந்தப் பொறுமைக்கே முழு மார்க்.

லிட்டருக்கு ஃபில்டருக்கு முன் 2.4 மி.கி., பின் 1.2. குடிநீருக்கான உச்சவரம்பான 1.5-க்குள் இருக்கிறது, ஆனால் விரும்பத்தக்க அளவான 1-க்கு இறங்கவில்லை. அலுமினா களைத்துவிட்டது. ரிப்போர்ட்டில் ஊர்ப்பெயர் வேறு தப்பு.